சிவப்பில் அடித்த பெயர்

கள்ளக்குறிச்சி
16.7.2023

அன்புத் தம்பி பிரிட்டோவுக்கு,

அக்கா அமுதா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் உன் மகள் எஸ்தரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் பெண்டாட்டி மெய்யூனும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "பரவால்லக்கா" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுகிறாய். நான் விரிவாகப் பேசலாம் என்றால் கடையில் ஆள் நிற்கிறது, பக்கத்தில் உன் மகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் இனிமேல் மனசில் இருப்பதெல்லாம் தபாலில்தான். தைவானுக்கு ஸ்பீடு போஸ்ட் போகிறது என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். நீயும் சோம்பல் படாமல் எழுத வேண்டும்.

பிப்ரவரியில் அவளைக் கொண்டுவந்து விட்டபோது, "மெய்யூனுக்குத் தொண்டை ஆபரேஷன் முடிஞ்சு தேறட்டும்க்கா, ஆறு மாசம் பாத்துக்க" என்றாய். வந்த புதிதில் தட்டில் இருக்கிற ரசத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, இப்போது லாரன்ஸ் மாமா கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னா மாமா, தூங்கிக்கினே ஓட்டினியா? இவ்ளோ லேட்டு!" என்று அதட்டுகிறாள். ஏழு வயசுக்கு வாயைப் பார். அந்த அதட்டலைக் கேட்பதற்காகவே அவர் வழியில் டீ குடிக்காமல் வருகிறார்.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலைப் பற்றி. மெய்யூன் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்காருகிறாள். குரல்வளையை எடுத்த பிறகு பாவம், ஒரு சத்தமும் வராது. சிரிக்கிறாள், கையை ஆட்டுகிறாள், கண் கலங்கிவிடுகிறது. பிள்ளையும் பதிலுக்குக் கையை ஆட்டும். அப்புறம் இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள். போன வாரம் எஸ்தர் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். "அம்மா பேசவே மாட்றாங்க அத்த. அவங்க பாஷ எனக்கே மறந்து மறந்து போவுது" என்றாள். 

மெய்யூன் கையால் எழுதி அனுப்பினாளே ஒரு கடுதாசி, அதை எஸ்தர் மடித்து மடித்து நைந்து போகிற அளவுக்கு வைத்திருக்கிறாள். பெரிய சீன எழுத்து பாதிதான் தெரியுமாம். பக்கத்தில் பொடிப்பொடியாக இருக்கிற உச்சரிப்புக் குறிகளை விரல் வைத்துப் படிக்கிறாள். பதில் எழுதலாமா என்றால், கையால் எழுத வராதாம், ஆனால் கம்ப்யூட்டரில் அடிக்கலாமாம், அவர்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் எல்லாம் அடிப்பார்களாம். டி.டி.பி. கடை வைத்திருக்கிறவளிடம் வந்து இதைச் சொன்னால் நான் சும்மா விடுவேனா? எப்படி அடிப்பது என்று விவரமாக எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று, "மெய்யூனுக்கு முடியாம போச்சுன்னா எஸ்தர நீயே வச்சுக்கக்கா, உன் பொண்ணா வளரட்டும்" என்றாயே, அது துக்கத்தில் வந்த பேச்சா, யோசித்துச் சொன்னதா? எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை ஊரே மறந்துவிட்டது, நாங்களும் மறந்திருந்தோம். இப்போது மறுபடி ஆசை வந்துவிட்டது தம்பி. ஆசைப்படலாமா, கூடாதா என்று மட்டும் சொல்லிவிடு.

உன் அக்கா,
அமுதா

*

சின்சூ, தைவான்
6.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கும் உனக்கும் என் வணக்கம். எஸ்தருக்கு முத்தம். உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் படித்தேன். ரசத்தை முறைத்த கதையை மெய்யூனுக்குச் சொன்னேன். தோள் குலுங்கச் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டைப் அடிப்பது பற்றி. கம்ப்யூட்டரில் மொழி சேர்க்கும்போது சீன மொழியில் இரண்டு வகை காட்டும். சுருக்கிய எழுத்து சீனாவில் எழுதுவது. தைவானில் பழைய முழு எழுத்து. மறக்காமல் முழு எழுத்தையே எடு. ஆயிரக்கணக்கான எழுத்துக்கு ஆயிரக்கணக்கான கட்டையா என்று பயப்படாதே. 'போ போ மோ ஃபோ' என்று முப்பத்தேழு உச்சரிப்புக் குறிகள் இருக்கின்றன. எஸ்தர் மனப்பாடமாகச் சொல்வாள். ஒரு சொல்லின் ஓசையை அந்தக் குறிகளால் அடித்து, குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கும் ஒரு கட்டையைத் தட்டினால், அந்த ஓசை உள்ள எழுத்துகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கீபோர்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரியுமா அக்கா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த முப்பத்தேழையும் வாயைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுப்பதுதான் மெய்யூனின் வேலையாக இருந்தது. எத்தனையோ பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துப் பேசக் கற்றார்கள். இப்போது அவளால் அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

நீ கேட்ட இன்னொன்றுக்கு வருகிறேன். யோசித்துத்தான் சொன்னேன். மெய்யூனிடமும் பேசினேன். கழுத்தில் ஓட்டையும் குழாயுமாக இருக்கிற தன்னை மகள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம், குரல் இருந்த அம்மாவாகவே நினைவில் இருக்கட்டும் என்று நினைக்கிறாள். ஆனாலும் இன்னும் முடிவு சொல்லவில்லை. பெற்றவள் அவள். அவள் சொல்லட்டும் அக்கா. அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புத் தம்பி,
பிரிட்டோ

*

கள்ளக்குறிச்சி
3.9.2023

அன்புத் தம்பிக்கு,

அடேயப்பா, இதற்குப் பெயர் டைப்பிங்கா? கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கலெக்டர் ஆபீஸ் மனு என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற கை இது. உன் பெண்டாட்டி ஊர் எழுத்துக்கு முன்னால் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஒற்றை விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ படித்துப் படித்துச் சொல்லியும் நான் அவசரத்தில் சுருக்கிய எழுத்தைத்தான் முதலில் போட்டுவிட்டேன். எஸ்தர் எட்டிப் பார்த்து, "அத்த, இது எங்க எழுத்து இல்ல. இதுல கால் கை எல்லாம் காணோம்" என்றாள். மெய்யூன் கடுதாசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மைதான். மாற்றிப் போட்டேன். பத்திரிகை அடிக்கிற பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி வருகிறது. அப்புறம் வேர்டில்தான் நின்றது.

நாங்கள் அடிக்கிற விதத்தைக் கேள். எஸ்தர் ஓசையைச் சொல்வாள். நான் ஸ்டிக்கரைத் தேடித் தட்டுவேன். உடனே ஒரே ஓசையில் பத்துப் பன்னிரண்டு எழுத்து வந்து வரிசை கட்டி நிற்கும், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி. இதில் எது நம்முடையது? அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெய்யூன் கடுதாசியை எடுத்து ஒவ்வொரு உருவமாக ஒப்பிட்டுப் பார்ப்போம். அதில் இல்லாத எழுத்தென்றால் அகராதியைத் தேடுவோம். மூன்று வரி அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. பூசைக்குக்கூடச் சாயங்காலம்தான் போனோம்.

கல்வராயன் மலையிலிருந்து சாதிச் சான்றிதழுக்கு மனு அடிக்க வருகிற செல்லியம்மாள், திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா அமுதா இது, கறையான் அரிச்சாப்ல கீது?" என்று கேட்டாள். எஸ்தருக்கு வந்ததே கோபம். "இது எங்கம்மா எழுத்து. உனுக்குப் படிக்கத் தெர்லன்னா சும்மா இரு" என்று விட்டாள் ஒன்று. செல்லியம்மாள் சிரித்துக்கொண்டே அவளுக்கு மடியிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

அடித்ததை நான் நான்கு முறை சரிபார்த்தேன். என் கடையிலிருந்து பிழையோடு ஒரு தாள் வெளியே போனதில்லை. அம்மாவுக்குப் போகிற தாளிலா விடுவேன்? அது இந்தக் கவரில் இருக்கிறது. வாரம் ஒன்று அனுப்பப் போகிறோம்.

நேற்றுத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது என்னை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மெய்யூன் என்ன சொன்னாள்?

உன் அக்கா,
அமுதா

*

சின்சூ
15.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதங்கள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் மெய்யூன் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு தன் சின்ன வெள்ளைப் பலகையில், 'ஒரு பிழைகூட இல்லை' என்று எழுதிக் காட்டினாள். நான் பெருமையாகத்தான் தலையாட்டினேன். அவள் அதை அழித்துவிட்டு, 'நன்றாக இருக்கிறாள். நான் இல்லாமலே நன்றாக இருக்கிறாள்' என்று எழுதினாள்.

அன்றைக்கு அப்புறம் பலகையைத் தொடவில்லை. எனக்கு அவள் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை அக்கா. மருந்து ஏற்றுகிற வாரங்களில் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாள். அவள் அம்மா வந்து சமைத்துப் போடுகிறார். நான் ஃபாக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. நெருக்கிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிரிட்டோ

*

கள்ளக்குறிச்சி
8.12.2023

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் மெய்யூனுக்கும் அவள் அம்மாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இங்கே லாரன்ஸ் மாமா வாசலில் நட்சத்திரம் கட்டுவதற்கு எஸ்தரை ஏணியில் ஏற்றிவிட்டு, அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். இவரா டவுன் பஸ் ஓட்டுகிறவர்? போன ஞாயிறு கோமுகி அணைக்குக் கூட்டிப்போனோம். தண்ணீரைப் பார்த்ததும் தைவானில் ஏதோ ஏரியைச் சொல்ல வந்தாள். பெயர் ஞாபகம் வரவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

இந்தத் தடவை வெறும் தாள் அனுப்பவில்லை. பத்திரிகை அடிக்கிற நல்ல தடி அட்டையில் வாழ்த்து செய்திருக்கிறோம். நடுவில் மெய்யூனின் பெயரைத் தூரிகையில் எழுதின மாதிரி எழுத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக, பளிச்சென்ற சிவப்பில் அடித்தேன். கறுப்பில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. சுற்றிலும் எஸ்தர் ஸ்கெட்ச் பேனாவில் பூ வரைந்திருக்கிறாள். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சேலை பார்டர் மாதிரி அழகாக இருக்கிறது என்று சொல்லாதவர்கள் இல்லை.

தம்பி, நான் நச்சரிக்கிறேன் என்று நினைக்காதே. புது வருஷம் பிறப்பதற்குள் ஒரு முடிவு தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் என் பெயரைப் போடுவதா, மெய்யூன் பெயரைப் போடுவதா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது சொல்லிவிடுங்கள்.

உன் அக்கா,
அமுதா

*

சின்சூ
14.1.2024

அக்காவுக்கு,

உன் வாழ்த்து அட்டை வந்தது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கவரைப் பிரித்தது மெய்யூனின் அம்மா. பார்த்ததும் அட்டையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தில் அடிக்கிற மாதிரிக் கத்தினார். இந்த ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைச் சிவப்பில் எழுதமாட்டார்கள் அக்கா. சிவப்புத் தாளில் கறுப்பில் எழுதினால் மங்கலம். பெயரையே சிவப்பாக எழுதினால், ஒன்று அந்த ஆள் செத்தாயிற்று, இல்லை இனிமேல் நமக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எல்லோரும் இதை நம்புகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நோயில் கிடக்கிற பெண்ணின் கையில் அது கிடைத்தால் எப்படி இருக்கும்?

மெய்யூன் கோபத்தைக் காட்டவில்லை. அட்டையைக் குனிந்து எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்தாள். மறுநாள் பலகையில் எழுதினாள்: 'குழந்தையை உன் அக்காவே வைத்துக்கொள்ளட்டும். நான் கையெழுத்துப் போடுகிறேன்.'

அக்காவுக்கு இந்த வழக்கம் தெரியாது என்று நான் சொன்னேன். 'அவருக்குத் தெரியாதா, தெரியுமா? என் மகள் அவருக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும்' என்று எழுதினாள். நீ தெரியாமல்தான் செய்தாய் என்று எனக்கு நிச்சயம். ஆனால் நான் சொன்னால் அவள் நம்பவில்லை. தம்பி அக்காவை விட்டுக்கொடுப்பானா என்று நினைக்கிறாள். நீயே உன் வாயால் சொன்னால் நம்புவாள். நீ எழுது, நான் மொழிபெயர்த்துக் காட்டுகிறேன்.

நீ எழுதாவிட்டால் சீனப் புத்தாண்டு முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நீ ஆசைப்பட்டது கிடைத்துவிடும். உன்னிடம் நான் இதை மறைக்க விரும்பவில்லை.

பிரிட்டோ

*

சின்சூ
18.2.2024

அக்காவுக்கு,

போன மாதம் எழுதின கடிதம் கிடைத்திருக்கும். போன் செய்தால் மாமா எடுத்து, நீ கடையில் இருப்பதாகச் சொல்கிறார். கடைக்குப் போன் செய்தால் கூட்டமாக இருக்கிறது என்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன்.

புத்தாண்டு முடிந்தது. வக்கீல் காகிதங்களைத் தயார் செய்துவிட்டார். மெய்யூன் இந்த மாதக் கடைசி வரை பொறுத்திருக்கச் சம்மதித்தாள். நீ எழுதாமல் இருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்ளட்டுமா?

பிரிட்டோ

*

கள்ளக்குறிச்சி
22.2.2024

அன்புத் தம்பிக்கு,

இதை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால் மாதக் கடைசிக்குள் வந்து சேருமோ சேராதோ என்று பயந்து, நானும் தாளைப் படம் எடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன். கிடைத்தவுடன் மெய்யூன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டு. நான் எதை எழுதியிருந்தாலும் மழுப்பாதே.

மெய்யூன், அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. என் அம்மா அப்பா கல்லறை மேல் சத்தியம்.

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சிவப்பில்தான் இருக்கும். பெண் பெரியவளானால் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழில் அவள் பெயர் சிவப்பு. புது வீடு, காதுகுத்து எல்லாம் சிவப்பு. கறுப்பில் பெரிதாக ஒரு பெயரை நான் அடிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். செத்துப் போனவர் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று சுவரில் ஒட்டுகிற போஸ்டருக்கு. இந்தக் கையால் எத்தனை பேரைக் கறுப்பில் அடித்து அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய். உன் பெயரைக் கறுப்பில் அடிக்க என் கை வரவில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் சிவப்பில் அடித்தேன்.

இதை ஜனவரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிரிட்டோ கடுதாசியைப் படித்துவிட்டு மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். சும்மா இருந்தால் போதும், பிள்ளை என்னுடையவள் ஆகிவிடுவாள். நான் ஒரு தப்பும் செய்ய வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படித்தான் இருந்தேன். லாரன்ஸிடம்கூடச் சொல்லவில்லை. அவர் என்னவோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, "இன்னாத்த மறைக்கிற நீ? புள்ள தெனம் கேட்டுக்கினே இருக்குது, நீ மூஞ்ச திருப்பிக்கினே போற" என்றார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

அட்டை வந்ததிலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கும் வருவதில்லை. எஸ்தர் தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வருவாள். "அம்மாகிட்டேர்ந்து வந்துதா?" என்பாள். இல்லை என்பேன். முந்தாநாள் நான் பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் நாற்காலியில் முட்டிபோட்டு உட்கார்ந்து தனியாக அடித்துக்கொண்டிருக்கிறாள். எந்த எழுத்தைப் பொறுக்குவது என்று தெரியாத இடத்தில் எல்லாம் வெறும் குறியை அப்படியே விட்டிருக்கிறாள். மெய்யூன் கடுதாசியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் வேறு எழுத்து. நடுவில் ஓர் இடத்தில் அவளுக்கு உங்கள் பாஷைச் சொல் மறந்துபோய், 'இன்னா' என்று எங்கள் சொல்லையே உங்கள் குறியில் அடித்து வைத்திருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "அம்மா, நான் இன்னா தப்பு பண்ணேன்? ஏன் எனுக்கு எழுத மாட்ற?" என்று எழுதினாளாம்.

தப்பு செய்தது தான்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, மெய்யூன்.

பிழை திருத்த என் கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன். அப்படியே பிரிண்ட் போட்டு இத்தோடு வைத்திருக்கிறேன். என் கடையிலிருந்து பிழையோடு போகிற முதல் தாள் இது. இதற்கு முன்னால் வந்ததெல்லாம் உன் மகளின் எழுத்து இல்லை, என் கடையின் எழுத்து. அதைப் பார்த்து அவள் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துவிடாதே. இதைப் பார். உன் மகள் இதுதான்.

இதைப் படித்த பிறகும் நீ கையெழுத்துப் போட்டால், நான் அவளை வாங்கிக்கொள்கிறேன், கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறேன். இதைப் படிக்காமல் போடாதே.

அமுதா

*

சின்சூ
24.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் படம் வந்த அன்றே படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை. நீ வாயை மூடிக்கொண்டிருந்ததை எழுதின இடத்தில் மட்டும் எனக்கு நாக்குத் தடுமாறியது. மெய்யூன் கையைத் தட்டி, நிறுத்தாதே, படி என்று ஜாடை காட்டினாள்.

அப்புறம் தபால் வந்ததும் எஸ்தரின் தாளைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடப் பையை எடு என்று கை காட்டினாள். அவள் பாடம் நடத்தப் போவதை நிறுத்திய நாளிலிருந்து அலமாரிக்குள் கிடந்த பை. அதிலிருந்து பேனாவை எடுத்து ஒவ்வொரு பிழையாகச் சுழித்து, பக்கத்தில் சரியான எழுத்தை எழுதி, அதன் பக்கத்தில் உச்சரிப்பையும் எழுதினாள். 'இன்னா' என்ற இடத்துக்கு வந்தபோது என்ன இது என்று பலகையில் எழுதிக் கேட்டாள். சொன்னேன். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைக்கத் துண்டு கேட்டுக் கையை நீட்டியபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

பலகையில் அவள் எழுதினதை அப்படியே தருகிறேன்: 'குரல் இருந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவள் என் மொழியையே மறந்துகொண்டிருக்கிறாள். பேச முடியாத டீச்சரும் பிழை திருத்தலாம். வரச் சொல்.'

அக்கா, நோய் திரும்பக் கொஞ்சம் தலை காட்டுகிறது. டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு வருடம் என்றாலும் இருக்கலாம், பல வருடம் என்றாலும் இருக்கலாம். எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று எழுதுகிறாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

பிள்ளையைத் திருப்பித் தா என்று உன்னிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதாமலே இருந்து பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கலாம், ஆனாலும் எழுதினாய், அக்கா. மெய்யூனும் அதைத்தான் சொன்னாள். உன்னை 'அக்கா' என்று தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். காட்டிக்கொடுத்தேன். கவருக்குள் இருக்கும், அவள் திருத்திய தாளில் கடைசியில் கோணலாக இருப்பது அவள் கையெழுத்து.

உன் தம்பி,
பிரிட்டோ

*

கள்ளக்குறிச்சி
9.6.2024

அன்புத் தம்பி பிரிட்டோவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது போனில் தெரிந்தாலும் ஒரு வரி எழுதக் கூடாதா? ஊர் திரும்பியதும் உன் பழைய குணம் வந்துவிட்டது. நாங்கள் இருக்கிறோம். லாரன்ஸ் மாமா இப்போது வழியில் டீ குடித்துவிட்டுத்தான் வருகிறார். வாசலில் அதட்ட ஆள் இல்லை. நான் அதட்டினால் அவருக்கு அது அதட்டலாகத் தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் நான் அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன். உள்ளே போன பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "அத்த, ஸ்டிக்கர பிச்சிடாத!" என்று கத்தினாளே, அங்கே அழுதுவிட்டேன். மாமா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் வாங்கப் போகிறேன் என்று போனவர் நெடுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகமும் கழுவியிருந்தது.

ஸ்டிக்கரைப் பிய்க்கவில்லை. மனு அடிக்க வருகிறவர்கள் கீபோர்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், மந்திரம் எழுதி வச்சிருக்கீங்க?" என்கிறார்கள். செல்லியம்மாள் வந்து, "எங்க அந்தக் கோவக்காரி?" என்று கேட்டாள். அம்மாவிடம் போய்விட்டாள் என்றேன். கொண்டுவந்த கொய்யாப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "நீயே துன்னு" என்று சொல்லிப் போனாள்.  மாமாவுக்கு எடுத்துப் போனேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. தனியாக உட்கார்ந்து நானே அடித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், எஸ்தர் சொன்ன ஓசையை ஞாபகத்தில் வைத்து, மெய்யூனின் பெயரை மட்டும். எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அவள் முகம் தெரிகிற மாதிரி, எது அவளுடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் ஊர் வழக்கப்படி கறுப்பில் பிரிண்ட் போட்டேன் தம்பி.  எங்கள் ஊரில் இருந்துகொண்டு அந்தத் தாளைக் கையில் பிடிக்க எனக்குப் பயமாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு கவரில் வைத்திருக்கிறேன். அவள் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று அடித்தது அது. மெய்யூனிடம் கொடு. கோணலாக எழுதின 'அக்கா'வுக்கு இது பதில் என்று சொல்.

எஸ்தருக்கு இப்போது தமிழில் எழுது, அத்தைக்கு எழுது என்று தொந்தரவு கொடுக்காதே. அம்மா சொல்லிக்கொடுப்பதை முதலில் படிக்கட்டும். அவள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை, அவளுக்குப் பரவாயில்லை.

என்றைக்காவது அவளாக நினைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதினால், நீ பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதே. பிழையோடு அப்படியே அனுப்பு.

உன் அக்கா,
அமுதா